தண்ணீரின் மேல் ஒரு நடைபாதை: தேவையா, ஆடம்பரமா?

ஒரு நகரம் தன் மக்களின் வரிப்பணத்தைக் கொண்டு ஆற்றின் மேல் ஒரு நடைபாதை அமைக்கலாமா? கேட்ட மாத்திரத்தில் இது பொறியியலாளர்களும் மாநகரசபை உறுப்பினர்களும் பேசித் தீர்க்க வேண்டிய விடயம் என்றே தோன்றும். சற்று ஆழமாகப் பார்த்தால் இதனுள்ளே பழைய அறக் கேள்விகள் பல அடங்கியிருப்பது தெரியும். பொதுப்பணத்தை எதற்குச் செலவிடலாம்? பசித்தவன் ஒருவன் இருக்கும்போது அழகுக்குச் செலவு செய்வது தகுமா? ஆறு யாருக்குச் சொந்தம்? இன்று நாம் கட்டுவதன் சுமையை நாளை பிறப்பவர்கள் தாங்க வேண்டுமா?

பிறிஸ்பேனில் வாழும் எமக்கு இவை ஏட்டுக் கேள்விகள் அல்ல. எங்கள் நகரம் இப்படியான ஒரு பாதையைக் கட்டியது, வெள்ளத்தில் பறிகொடுத்தது, மீண்டும் கட்டியது. 2032ஆம் ஆண்டின் ஒலிம்பிக் போட்டிகளை நோக்கி நகரம் மாறிவரும் இக்காலத்தில் ஆற்றங்கரையில் இன்னும் பல திட்டங்கள் வரும். கோயில் மண்டபத்தில் சாப்பிட்டு முடித்து வெளியே நிற்கும்போது, "இந்தக் காசுக்கு ஒரு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே" என்று யாராவது சொல்லாமல் விடுவதில்லை. அந்தப் பேச்சுக்குரிய மரியாதையைக் கொடுத்து, அதை ஒழுங்காக ஆராய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நடந்தது என்ன?

நகர மையத்தையும் நியூ ஃபார்ம் பகுதியையும் இணைக்கும் ஆற்றங்கரையில் செங்குத்தான பாறைச் சரிவும், அதன் கீழே தண்ணீர் விளிம்புவரை இறங்கும் தனியார் காணிகளும் உள்ளன. கரையோடு நடந்து செல்ல அங்கே பொது நிலம் இல்லை. ஆகவே பாதை தண்ணீரின் மேலேதான் போக வேண்டியிருந்தது. 2003ஆம் ஆண்டு மிதக்கும் பாதை ஒன்று அங்கே திறக்கப்பட்டது. 'றிவர்வோக்' என்று எல்லோராலும் அழைக்கப்பட்ட அப்பாதை ஆற்றோடு ஏறி இறங்கியது. வேலைக்கு நடந்து போவோரும், சைக்கிளில் செல்வோரும், மாலையில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் வைத்து உலாவுவோரும் அதை விரும்பிப் பயன்படுத்தினர்.

2011ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் திகதி பிறிஸ்பேன் ஆறு நகரின் அளவுகோலில் 4.46 மீற்றர் உயரத்துக்குப் பெருகியது. அன்று அதிகாலையில் மிதக்கும் பாதையின் ஏறக்குறைய 300 மீற்றர் நீளமான துண்டு அறுந்து, வெள்ளத்தோடு கடலை நோக்கிப் புறப்பட்டது. வழியில் இருந்தது நகரின் பிரதான போக்குவரத்துப் பாலமான கேற்வே பாலம். அத்துண்டு பாலத் தூண்களில் மோதிவிடும் என்ற அச்சம் ஏற்பட்டபோது, ஒரு சிறிய இழுவைப் படகில் இருந்தவர்கள் அதை முட்டி முட்டித் திருப்பி, தூண்களுக்கு இடையால் பத்திரமாகக் கடலுக்கு வழிநடத்தினார்கள். அவர்களின் துணிவை இந்நகரம் இன்றும் சொல்லிப் பெருமைப்படுகிறது.

அதன்பின் மூன்றரை வருடங்களுக்கு மேலாக அவ்விடத்தில் பாதை இல்லை. 2014ஆம் ஆண்டு செப்டெம்பரில் புதிய பாதை திறக்கப்பட்டது. இது மிதப்பதில்லை, ஆற்றின் அடியில் இறக்கிய தூண்களின் மேல் நிற்கிறது. நீளம் ஏறக்குறைய 850 மீற்றர். செலவு 72 மில்லியன் டொலர். மாநகரசபையுடன் மத்திய அரசும் குயின்ஸ்லாந்து அரசும் அனர்த்த நிவாரண ஏற்பாட்டின் கீழ் இச்செலவைப் பகிர்ந்துகொண்டன. 2022ஆம் ஆண்டு பெப்ரவரியில் ஆறு 3.85 மீற்றருக்கு உயர்ந்தபோது இப்பாதை பிடுங்கிச் செல்லப்படவில்லை.

முதலாவது ஆட்சேபம்: செலவு

எனது தொழில் கணக்கு. ஆகவே இங்கிருந்து தொடங்குவது எனக்கு இயல்பு. 72 மில்லியனை 850ஆல் பிரித்தால் ஒரு மீற்றருக்கு 85,000 டொலருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஒரு மனிதன் இரண்டு எட்டில் கடந்துவிடும் தூரம்! பலருடைய ஒரு வருடச் சம்பளத்துக்குக் கிட்டிய தொகை. இதைக் கேட்டுப் பெருமூச்சு விடாதவர் இருக்க முடியாது.

ஆனால் ஒரு செலவைப் பெரிது, சிறிது என்று சொல்லும் முன் அதை எத்தனை பேருக்கு, எத்தனை காலத்துக்குப் பங்கிடுகிறோம் என்று கேட்க வேண்டும். ஒரு பேச்சுக்கு, அப்பாதை நூறு வருடம் நிலைக்கும் என்றும், நாளொன்றுக்கு 2,000 பேர் அதில் நடப்பர் என்றும் வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 720,000 டொலர். நடப்பவர்கள் 730,000 தடவை. பராமரிப்பையும் வட்டியையும் ஒதுக்கிவைத்துப் பார்த்தால், ஒருவர் ஒரு முறை நடப்பதற்கு ஏறக்குறைய ஒரு டொலர். அதே பாதை முதற் பாதையைப் போல எட்டு வருடங்களில் அழிந்துபோனால், அதே நடைக்கு 12 டொலருக்கு மேல் விழும். பாதையும் அதே, பணமும் அதே. எவ்வளவு காலம் நிற்கிறது என்பதுதான் வேறுபாடு. ஆகவே "எவ்வளவு செலவு?" என்ற கேள்வி "எவ்வளவு பொறுப்போடு கட்டினார்கள்?" என்ற கேள்வியோடு சேர்ந்தே வர வேண்டும்.

அடுத்து ஆஸ்பத்திரிக் கதை. இந்நாட்டில் ஆஸ்பத்திரிகளை மாநகரசபை நடத்துவதில்லை. அது மாநில அரசினதும் மத்திய அரசினதும் பொறுப்பு. மாநகரசபையின் பணம் பெரும்பாலும் வீதி, குப்பை, பூங்கா, நூலகம், பஸ், வடிகால் ஆகியவற்றுக்கே செல்கிறது. நடைபாதையைக் கட்டாமல் விட்டால் அப்பணம் ஆஸ்பத்திரிக் கட்டிலாக மாறிவிடும் என்று நினைப்பது தவறு. பெரும்பாலும் அது இன்னொரு வீதியாகவே மாறும். அந்த வீதியைப் பற்றி யாரும் "ஆடம்பரம்" என்று சொல்வதில்லை என்பதையும் கவனியுங்கள். கார் ஓடுவதற்குச் செலவழித்தால் அது அவசியம். மனிதன் நடப்பதற்குச் செலவழித்தால் அது அலங்காரம். இந்த வழக்கம் எங்கள் மனத்தில் எப்படிப் புகுந்தது என்று ஒவ்வொருவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளலாம்.

ஆயினும் அந்த ஆட்சேபத்தை இதோடு தள்ளிவிட முடியாது. புதிய பாதைக்கான பணத்தில் ஒரு பகுதி மத்திய, மாநில அரசுகளிடமிருந்து வந்தது என்று பார்த்தோம். எந்தப் பெட்டியிலிருந்து வந்தாலும் போட்டவர் ஒருவரே. வரி செலுத்துபவருக்குப் பை ஒன்றுதான். அனர்த்த நிவாரணம் என்ற பெயரில் பணம் வரும்போது, அதே வெள்ளத்தில் வீடிழந்த மனிதனின் முகமும் எம் கண்முன் வரவேண்டும். பசித்தவனுக்குச் சோறு முதலில், பூந்தோட்டம் பிறகு என்ற வரிசையை எந்த நாகரிகமும் மாற்றியதில்லை. ஆனால் சோறு போட்டு முடியும்வரை ஒரு பூச்செடியும் நடக்கூடாது என்றும் எந்த நாகரிகமும் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் உலகில் ஒரு கோபுரமும் எழும்பியிராது, ஒரு குளத்துக்கும் படி கட்டியிருக்க மாட்டார்கள். வறுமை தீரும்வரை அழகு காத்திருக்க வேண்டும் என்றால், அழகை முதலில் இழப்பவன் வறியவனே. செல்வந்தன் தன் வீட்டு யன்னலில் இருந்தே ஆற்றைப் பார்த்துக்கொள்வான்.

இரண்டாவது ஆட்சேபம்: ஆறு சும்மா இராது

பிறிஸ்பேன் ஆற்றின் வரலாறு தெரிந்தவர்கள் இந்த ஆட்சேபத்தை எழுப்புகிறார்கள். 1893ஆம் ஆண்டு வெள்ளம் 8.35 மீற்றர். அது விக்ரோரியா பாலத்தையே உடைத்தது. 1974இல் 5.45 மீற்றர். அதன்பின் 1980களில் வைவன்ஹோ அணைக்கட்டு வந்தது. இனி அப்படியொரு வெள்ளம் வராது என்று பலர் நம்பினர். 2011 வந்தது. 2022 வந்தது. ஆற்றுக்குத் தன் பழைய இடம் மறப்பதில்லை. அப்படிப்பட்ட ஆற்றின் நெஞ்சின் மேல் தூண் ஊன்றிப் பாதை போடுவது மனிதனின் அகங்காரம் அல்லவா?

இங்கே இரண்டு வெவ்வேறு விடயங்கள் கலந்திருக்கின்றன. பாதை அழிந்தால் நகரத்துக்கு நட்டம் என்பது ஒன்று. பாதை அழியும்போது மற்றவர்களையும் அழிக்கக்கூடும் என்பது மற்றொன்று. முதலாவது பண விடயம். நகரம் தெரிந்துகொண்டே அந்த நட்டத்தை ஏற்கலாம். கடற்கரையில் வாழும் மீனவன் ஒவ்வொரு பருவத்திலும் வலையும் வள்ளமும் இழக்கும் ஆபத்தை ஏற்றுத்தான் வாழ்கிறான். இரண்டாவது அற விடயம். அறுந்துபோன 300 மீற்றர் துண்டு கேற்வே பாலத்தில் மோதியிருந்தால், அந்தப் பாதையில் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள் அதன் விலையைக் கொடுத்திருப்பார்கள். என் இன்பத்துக்காக நான் ஆபத்தை ஏற்பதும், என் இன்பத்துக்காக உன் தலையில் ஆபத்தை வைப்பதும் ஒன்றல்ல. தண்ணீரின் மேல் கட்டுபவர்கள் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது: இது உடைந்தால் யார் மேல் போய் விழும்?

மிதக்கும் பாதைக்குப் பதிலாக நிலையான பாதை கட்டியதை நான் இந்த வகையிலேயே சரியென்று காண்கிறேன். அதன் விலை கூட. ஆனால் அந்தக் கூடிய விலையின் ஒரு பகுதி, கீழே வாழ்பவர்களுக்கு நாங்கள் செலுத்தும் கடன்.

இதோடு சேர்ந்தது பராமரிப்பு. கணக்கியலில் தேய்மானம் என்று ஒன்று உண்டு. எந்தப் பொருளும் வாங்கிய நாளிலிருந்தே தேயத் தொடங்குகிறது. அந்தத் தேய்வை ஒவ்வொரு வருடமும் ஏட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டாலும் பொருள் தேய்வதை நிறுத்தாது. 1940இல் திறக்கப்பட்ட ஸ்ரோரி பாலத்தைப் பாருங்கள். பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்றோருக்கு வேலை கொடுக்கவென்று கட்டத் தொடங்கிய அந்தப் பெரும் பாலத்தின் நடைபாதைகள், 2025ஆம் ஆண்டு மார்ச்சில் பாதுகாப்புக் கருதி மூடப்பட்டன. தினமும் நடந்து போனவர்கள் பல மாதங்கள் சுற்றுவழியே போக நேர்ந்தது. திறப்புவிழாவுக்கு நாடா வெட்ட எல்லோரும் வருவார்கள். துருப்பிடித்த ஆணியை மாற்றும் நாளில் படம் எடுக்க யாரும் வருவதில்லை. கட்டுவதற்குப் பணம் ஒதுக்கிவிட்டுக் காப்பதற்கு ஒதுக்காத நகரம், தன் பிள்ளைகளின் பெயரில் கடன் வாங்கிக்கொண்டு அதை அவர்களுக்குச் சொல்லாமல் விடும் தகப்பனைப் போன்றது.

மூன்றாவது ஆட்சேபம்: எங்கள் வீட்டுக்கு முன்னாலா?

ஆற்றோரத்தில் வீடு வைத்திருப்பவர்களின் பக்கமும் கேட்கத் தக்கதே. அவர்கள் பெரும் விலை கொடுத்து அந்த வீட்டை வாங்கினார்கள். இப்போது முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கானோர் அவர்களின் முற்றத்துக்கும் தண்ணீருக்கும் இடையால் நடந்துபோகிறார்கள். அவர்களின் படகுத்துறைக்கு வழி வேண்டும். அதற்காகவே புதிய பாதையில் திறந்து மூடக்கூடிய ஒரு பகுதி அமைக்கப்பட்டுள்ளது. இது நல்ல உதாரணம். பொதுநன்மை வருகிறது என்பதற்காகத் தனிமனிதனின் நியாயமான வசதியை மிதித்துக்கொண்டு போக வேண்டியதில்லை. கொஞ்சம் யோசித்தால் இரண்டுக்கும் இடம் விடலாம்.

ஆனால் காணி வாங்கியவர் காட்சியை வாங்கினாரா? உறுதியில் எழுதியிருப்பது நிலத்தின் எல்லை. ஆற்றின் ஒளியும், பாலத்தின் மேல் விழும் அந்திவெயிலும், காற்றும் எந்த உறுதியிலும் எழுதப்படுவதில்லை. இத்தனை காலம் ஒருவர் தனியே அனுபவித்தார் என்பதற்காக அது அவருடைய சொத்தாகிவிடாது.

அந்த ஆற்றுக்கு இந்நகரம் எழும்பு முன்னரே பெயர் இருந்தது. இம்மண்ணின் ஆதிக்குடிகளான ரர்பல், ஜகெரா மக்களின் ஆறு அது. 'மைவார்' என்பது அதன் பெயர். 1825இல் கைதிகளின் குடியேற்றம் இங்கே வந்தபின் ஆற்றங்கரைக்கு உரியவர்களே அதற்கு அந்நியராக்கப்பட்டனர். வெஸ்ற் எண்டில் 'பௌண்டறி ஸ்ரீற்' என்று ஒரு தெரு இன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில், மாலையானதும் ஆதிக்குடியினர் உள்ளே நிற்கக்கூடாது என்று விதித்த நகர எல்லையின் நினைவு அந்தப் பெயர். அந்தத் தெருவில் எங்களில் பலர் சாமான் வாங்கியிருக்கிறோம். ஒரு நகரத்தில் யார் எங்கே நடக்கலாம் என்பது எக்காலத்திலும் சிறிய விடயமாக இருந்ததில்லை.

பிற்காலத்தில் கரைகள் துறைமுகக் கிட்டங்கிகளுக்குப் போயின. 1988இல் சர்வதேசக் கண்காட்சி நடந்த தெற்குக் கரைக் காணியை, கண்காட்சி முடிந்தபின் வியாபாரக் கட்டடங்களுக்கு விடும் யோசனை இருந்தது. பொதுமக்கள் குரல் கொடுத்தார்கள். அதன் பயனாக 1992இல் அங்கே பூங்கா திறக்கப்பட்டது. இன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சோற்றுப் பொதியோடு போய்ப் புல்லில் இருக்கும் 'சவுத் பாங்க்' அதுதான். அன்று குரல் கொடுத்தவர்கள் எங்களை அறியார்கள். ஆனால் அவர்கள் பேசியது எங்களுக்காகவும்தான்.

எங்கள் பாரம்பரியம் என்ன சொல்கிறது?

நடப்பவனுக்கு வசதி செய்து கொடுப்பது எங்களுக்குப் புதிய எண்ணமல்ல. யாழ்ப்பாணத்தில் பழைய வீதியோரங்களில் சுமைதாங்கிக் கல்லைக் கண்டவர்கள் இருப்பீர்கள். தலைச்சுமையோடு வருபவன் இன்னொருவர் கை கொடுக்காமலே சுமையை இறக்கி வைத்து மூச்சு விடுவதற்கு, தோள் உயரத்தில் அமைத்த கல். வயிற்றில் சுமையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதைக் கட்டுவது வழக்கம். பக்கத்தில் மாடு தன் உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரோஞ்சிக் கல்லும், குடிக்கத் தண்ணீர்த் தொட்டியும் இருக்கும். பருத்தித்துறையில் தெருமூடி மடம் இன்றும் நிற்கிறது. தெருவின் மேலேயே கூரை போட்டு, இருபுறமும் திண்ணை வைத்து, போகிறவன் வருகிறவன் எல்லோருக்கும் நிழல் தரும் மடம். அவற்றைக் கட்டியவர்கள் வருமானம் எவ்வளவு என்று பார்க்கவில்லை. வழிப்போக்கன் யாரென்றும் கேட்கவில்லை. ஆற்றின் மேல் ஒரு பாதையும், அதில் இடைக்கிடை ஓர் இருக்கையும், ஒரு தண்ணீர்க் குழாயும் அமைப்பது அந்தத் தருமத்தின் வேறொரு வடிவமென்றே எனக்குப் படுகிறது.

ஆனால் முழு உண்மையையும் சொல்ல வேண்டும். அதே மண்ணில் எல்லாக் கிணறும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. எல்லாக் கோயில் வாசலாலும் எல்லோரும் உள்ளே போகவில்லை. சுமைதாங்கியில் சுமையை இறக்கி வைத்தவர்களில் பலர், அடுத்த சந்தியில் இருந்த கிணற்றில் அள்ளிக் குடிக்க முடியாதவர்கள். பொதுவென்று பெயர் வைத்ததெல்லாம் பொதுவாகிவிடாது. பௌண்டறி ஸ்ரீற்றை அமைத்தவர்களைக் குற்றஞ்சொல்லும் நாங்கள் இதையும் மறக்கலாகாது.

பின்னர் யுத்தம் வந்தது. என் வயதினருக்குக் கடல் என்பது உலாவும் இடமாக இருக்கவில்லை. 1990களில் மீன்பிடிக்கவே தடை. எனது பதின்மூன்றாவது வயதில் கிளாலிக் கடனீரேரியை இரவில், வெளிச்சம் காட்டாமல், வள்ளத்தின் அடியில் குனிந்திருந்து கடந்தேன். கரை இருந்தது; முட்கம்பி இருந்தது; கரையில் நிற்க உரிமை இருக்கவில்லை. இதை இரக்கம் தேடச் சொல்லவில்லை. தண்ணீரின் விளிம்பில் காரணமின்றி, அனுமதிச்சீட்டின்றி, யாருக்கும் பதில் சொல்லாமல் நிற்பது எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பதை, அது மறுக்கப்பட்டவர்கள் சாட்சியாகச் சொல்லலாம் என்பதற்காகவே சொல்கிறேன். இந்நாட்டில் பிறந்தவர்கள் அதைச் சாதாரண விடயமென்று நினைக்கிறார்கள். அவர்கள் என்றும் அப்படியே நினைக்கக் கடவது.

யாருக்குத் திறந்த பாதை?

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். தண்ணீரின் மேல் நடைபாதை ஆடம்பரமா என்பதை அதன் விலை தீர்மானிப்பதில்லை. அது யாருக்குத் திறந்திருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது.

இலண்டனில் தேம்ஸ் நதியின் மேல் மரங்கள் நட்ட ஒரு நடைபாலம் அமைக்கத் திட்டமிட்டார்கள். அது இரவில் மூடப்படும் என்றும், வருடத்தில் சில நாட்கள் தனியார் வைபவங்களுக்கு விடப்படும் என்றும் ஏற்பாடு இருந்தது. பொதுப்பணமும் வாங்கினார்கள். 2017இல் திட்டம் கைவிடப்பட்டபோது ஏறக்குறைய 53 மில்லியன் பவுண் செலவாகியிருந்தது. அதில் 43 மில்லியன் மக்களுடைய பணம். ஒரு தூணும் எழும்பவில்லை. பொதுமக்கள் பணத்தில், பொதுமக்களுக்கு முழுமையாகத் திறக்காத ஒன்றைக் கட்ட முயன்றால் ஆதரவு நிலைக்காது என்பதற்கு இது பாடம்.

எங்கள் நகரத்தில் 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் கங்காரு பொயின்ற் நடைபாலம் திறக்கப்பட்டது. செலவு ஏறக்குறைய 300 மில்லியன் டொலர். தொடக்கத்தில் சொன்ன தொகையைவிட மிக அதிகம். கார் ஓடாத அழகிய பாலம். 50 சதம் கொடுத்து பஸ்சில் வரும் குடும்பம் ஒரு சதமும் கொடுக்காமல் அதில் மாலைப்பொழுதைக் கழிக்கலாம். அது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் அடுத்த மார்ச்சில், ஆற்றோரப் பூங்காக்கள் உட்பட நகரின் பூங்காக்களில் கூடாரம் அடித்து வாழ்ந்த வீடற்றவர்களை வெளியேறும்படி மாநகரசபை உத்தரவிட்டது. பூங்கா எல்லோருக்கும் பொது, சிலர் அதைத் தம் வீடாக்கக் கூடாது என்பது ஒரு வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் போக வேறு இடம் இல்லாதவனைப் பார்த்து "இது எல்லோருக்கும் பொது, ஆகவே நீ போ" என்று சொல்லும்போது, 'எல்லோரும்' என்ற சொல்லின் பொருள் என்ன? அகதியாக ஒரு நாட்டின் வாசலில் நின்றவர்களுக்கு அந்தச் சொல் எவ்வளவு இலகுவாகச் சுருங்கும் என்பது தெரியும். நடைபாதைக்கு 72 மில்லியன் தேடக்கூடிய நகரம், தலைக்கு மேல் கூரைக்கும் தேட வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நான் சொல்லவில்லை. முதலாவதைச் செய்த கையோடு இரண்டாவதைச் செய்ய முடியாது என்று சொல்லாதே என்றே சொல்கிறேன்.

முடிவாக

ஒரு நகரம் தண்ணீரின் மேல் நடைபாதை கட்டலாமா? கட்டலாம் என்பதே எனது விடை. அடைக்கப்பட்ட கரையைத் திறப்பதற்கு அதுவே வழியென்றால் கட்டத்தான் வேண்டும். ஆனால் மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது, அது உண்மையாகவே பொதுவாக இருக்க வேண்டும். கட்டணம், இரவுப்பூட்டு, தனியார் விருந்து எதுவும் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவரும், பொல்லூன்றி வரும் முதியவரும் மற்றவர்களைப் போலவே அதில் போகக்கூடியதாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, அது உடையும் நாளை நினைத்துக் கட்டப்பட வேண்டும். உடைந்தால் பிறர்மேல் விழாதபடியும், தேய்ந்தால் திருத்துவதற்குப் பணம் முதல் வருடத்திலிருந்தே ஒதுக்கப்பட்டும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, விலையைத் தொடக்கத்திலேயே உண்மையாகச் சொல்ல வேண்டும். குறைந்த தொகையைச் சொல்லி மக்களின் சம்மதத்தைப் பெற்றுவிட்டுப் பாதிவழியில் இரட்டிப்பாக்குவது கணக்கில் பிழை என்று மட்டும் கொள்ளத் தக்கதல்ல, அது பொய். நல்ல காரியத்துக்காகச் சொன்னாலும் பொய் பொய்யே.

கடைசியாக எம்மவருக்கு ஒரு வேண்டுகோள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாநகரசபையின் வரிப்பத்திரம் வீட்டுக்கு வருகிறது. முணுமுணுத்துக்கொண்டு கட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். வாடகை வீட்டில் இருப்பவர்களும் வாடகைக்குள் மறைமுகமாக அதைக் கட்டுகிறார்கள். ஆனால் ஒரு திட்டத்தைப் பற்றி மாநகரசபை மக்கள் கருத்துக் கேட்கும்போது எங்களில் எத்தனை பேர் எழுதுகிறோம்? "அது அவர்களுடைய ஊர் விவகாரம்" என்று ஒதுங்கிவிடுகிறோம். பிள்ளைகளுக்கு அது அவர்களுடைய ஊர் அல்ல; எங்களுடைய ஊர். ஆதரிப்பதோ எதிர்ப்பதோ உங்கள் விருப்பம். இரண்டையும் மண்டப வாசலோடு நிறுத்திவிடாமல், அடுத்த தடவை கேள்வித்தாள் வரும்போது நான்கு வரி எழுதி அனுப்புங்கள். ஆங்கிலம் தடுமாறினால் உங்கள் பிள்ளைகளோடு இருந்து எழுதுங்கள். ஒரு நகரம் எதற்குச் செலவழிக்க வேண்டும், யாரை மறக்கக்கூடாது என்று அப்பொழுது வீட்டில் ஒரு மணிநேரம் பேச்சு நடக்கும். அதுவே பெரிய பயன்.